மறு: தோட்டத்துப் பெரென்னியலுக்குத் (perennial) தமிழ்ச்சொல் – 'அடித்துளிரி' சரிவருமா?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

> 'பல்பருவத் தாவரம்' என்று பாடநூலிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

பாடநூல் சொல்லில் குறையே இல்லை ஐயா. ஒருபருவம், இருபருவம், பல்பருவம் என்ற வரிசை தாவரவியலுக்குக் கச்சிதம். ஆனால் அந்தக் கணக்கில் பல ஆண்டு வாழும் மாமரமும் செம்பருத்தியும்கூடப் பல்பருவம்தான். இங்கிலாந்து நர்சரிக்காரர் பெரென்னியல் என்னும்போது மரத்தையோ புதரையோ நினைப்பதில்லை. தண்டும் இலையும் மடிந்துபோய், மண்ணுக்குள் உயிரைப் பிடித்துவைத்திருந்து, பருவம் வந்ததும் திரும்பத் துளிர்க்கும் பூச்செடிகளையே பெரும்பாலும் சொல்கிறார்.

நம் செங்காந்தள் அப்படித்தானே? பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, செக்கச்செவேலென்று முடியும் அதன் இதழுக்காகவே ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். கார்த்திகையில் பூத்த கொடி தை கடைசியில் சருகாகிவிட்டது. செத்துவிட்டதென்று மண்ணைக் கொட்டினேன். உள்ளே கலப்பை வடிவில் கிழங்கு, கல்லுப்போல. கலப்பைக்கிழங்கு என்று பேர் வைத்தவரைக் கும்பிடத் தோன்றியது. கிழங்கின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். நான் கொட்டிய வேகத்தில் ஒரு நுனி ஒடிந்தது. அந்தப் பக்கம் பிறகு துளிர்க்கவே இல்லை. மறுபக்கம் ஆடி மழைக்கு எழுந்துவிட்டது.

இனி சொல்லுக்கு வருகிறேன். பெரென்னியலுக்கு 'உறங்குகிழங்கு' என்றால் அழகுதான், ஆனால் டேலில்லி என்ற பூச்செடிக்கு வேர்க்கொத்துதான், கிழங்கென்று சொல்ல முடியாது. 'மறுதுளிரி' என்றால் இலையுதிர்த்துத் தளிர்க்கும் வேம்பும் உள்ளே வந்துவிடும். கரும்புக்காரர்களின் 'மறுதாம்பு' எனக்கு மிகப் பிடித்த சொல். அது வெட்டியபின் கட்டையிலிருந்து வருவது, இதுவோ தானே மடிந்து வருவது.

ஆகவே அடித்துளிரி. தாங்காத பருவத்தில் செடியின் மொட்டு எங்கே ஒதுங்குகிறது என்பதை வைத்துத்தான் டென்மார்க்கின் தாவரவியலாளர் ரௌங்கியர் தாவரங்களை வகைபிரித்தார். நம் சொல்லும் அந்த இடத்தையே சுட்டட்டும், பருவத்தைச் சுட்ட வேண்டாம். கல்வாழையைப் பாருங்கள்: சென்னையில் தண்ணீர் விட்டால் ஆண்டு முழுக்கப் பச்சை, உறைபனி விழும் ஊரில் மேல்பாகம் கருகிவிடும். இரண்டு ஊரிலும் புதுத்தண்டு கிளம்புவது அடியிலிருந்துதான்.

மூங்கிலும் அடியில்தானே துளிர்க்கிறது என்று கேட்பீர்கள். அதன் கழி பல ஆண்டு நிற்கும் கட்டை. வரையறையில் 'மென்தண்டு' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் மூங்கில் விலகிவிடும். வாழைக்கும் மென்தண்டுதான், அதை என்ன செய்வது? அதற்குத்தான் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்.