பெர்த் மொரிசோ பற்றி ஒரு உதவி

வணக்கம் நண்பர்களே. இம்ப்ரெஷனிச ஓவியம் (ஒளியையும் கணநேரக் காட்சியையும் பிடிக்க முயன்ற பிரெஞ்சு ஓவியப் பாணி) என்றாலே மோனே, ரெனுவார், டெகா என்றுதான் பேச்சு போகிறது. 1874-இல் பாரிஸில் நடந்த அந்தக் குழுவின் முதல் கண்காட்சியிலேயே இடம்பெற்ற பெண் ஓவியர் பெர்த் மொரிசோவைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா? மொத்தம் நடந்த எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் பங்கேற்றார். மகள் பிறந்ததை ஒட்டி 1879-இல் மட்டும்தான் இல்லை.

அப்புறம், எண்ணெய் வண்ணத்தில் வரைபவர்களிடம் ஒரு கேள்வி. 1872-இல் அவர் தீட்டிய 'தொட்டில்' ஓவியத்தில் தூங்கும் குழந்தைக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி ஒன்று தொங்குகிறது. பக்கத்தில் மொரிசோவின் அக்கா எட்மா. துணியும் தெரிகிறது, அதற்குள் குழந்தையும் தெரிகிறது. எவ்வளவு பார்த்தாலும் அலுக்கவில்லை! இப்படி ஒரு வெள்ளையைக் கொண்டுவர, அடிவண்ணம் காய்ந்த பிறகு மெல்லிசாகப் பூச வேண்டுமா, ஈரத்திலேயே இழுக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.