டோஆய் நிலையம்: 486 படி, முழங்கால் வலி, சுய்கா அட்டை

மலைக்காற்று:
அக்டோபர் நடுவில் டோக்கியோவிலிருந்து கிளம்பி ஒரே நாளில் குன்மா மாகாணத்தின் டோஆய் ரயில் நிலையம், பக்கத்து மலையின் தனிகாவாதாகே ரோப்வே இரண்டையும் பார்த்துத் திரும்ப நினைக்கிறோம். கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இருக்கிறதா? பணம் ஏற்றிவைத்துத் தட்டிப் போகும் சுய்கா ரயில் அட்டை ஒன்றே போதுமா?

தண்டவாளம்78:
லிஃப்ட் கிடையாது, எஸ்கலேட்டரும் கிடையாது. படிக்கட்டின் ஓரத்தில் எஸ்கலேட்டருக்கென்று விட்ட இடம் இன்றுவரை காலியாகத்தான் கிடக்கிறது, கசிவுநீர் ஓடுகிறது.

ஆனால் படி ஏற வேண்டுமா என்பது ரயிலின் திசையைப் பொறுத்தது. டோஆய் இருக்கும் ஜோஎட்சு ரயில் பாதையின் பழைய ஷிமிசு சுரங்கம் 1931இல் திறந்தது, நீளம் 9,702 மீட்டர். இரட்டைத் தடத்துக்காக 1967இல் 13,490 மீட்டரில் புதிய சுரங்கம் வந்தது. டோக்கியோ பக்கத்திலிருந்து நிகாதா பக்கம் போகும் வண்டிகள் இந்தப் புதிய சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். டோக்கியோ பக்கம் வரும் வண்டிகள் பழைய தடத்தில், மேலே தரைமட்டத்தில். இரண்டு நடைமேடைக்கும் சுமார் 70 மீட்டர் உயர வித்தியாசம். கீழிருந்து ஏறினால் ஒரே நேர்கோட்டில் 462 படி, அப்புறம் ஆற்றைக் கடக்கும் மூடிய நடைவழி, கடைசியில் இன்னொரு 24. இடைவிடாமல் ஏறினால் பத்து நிமிடம். அம்மாவோடு என்றால் அதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள்.

என்னைக் கேட்டால், அம்மாவை ஏற வைக்காதீர்கள். டோஆய்க்கு முன்னால் வண்டி மாறும் மினகாமியில் இறங்கியதும் நிலையத்துக்கு வெளியே ரோப்வே பேருந்து நிற்கும். அது டோஆய் நிலைய வாசல் வழியாகத்தான் போகும். அவர் அதில் வரட்டும். நீங்கள் ரயிலில் வந்து படி ஏறிச் சேர்ந்துகொள்ளுங்கள்.

குன்மாவாசி:
சுய்கா விஷயம்தான் நிறையப் பேரை மாட்டிவிடுகிறது. டோக்கியோ பக்கத்திலிருந்து வந்தால் மினகாமியோடு அதன் எல்லை முடிந்தது. டோஆயில் ஊழியரும் இல்லை, அட்டை வாசிக்கும் கருவியும் இல்லை. உள்ளே நுழைந்த பதிவோடு அங்கே போய் இறங்கினால், ஊழியர் உள்ள நிலையத்தில் சரிசெய்யும் வரை அட்டை வேறெங்கும் வேலை செய்யாது. எப்படியும் மினகாமியில் வண்டி மாறத்தான் வேண்டும். அங்கே அட்டையைத் தட்டி வெளியே வந்து, காகிதச் சீட்டு வாங்கி மறுபடி உள்ளே போங்கள். டோஆய் அங்கிருந்து இரண்டாவது நிலையம். திரும்பும்போது மினகாமி ஊழியரிடம் ஏறிய நிலையத்தைச் சொல்லி ரொக்கமாகக் கொடுத்தால் போதும்.

மலைக்காற்று:
மிக்க நன்றி. பேருந்தில் போய்விட்டு, படி இறங்கி ரயில் பிடித்தால் எளிதாக இருக்காதா?

தண்டவாளம்78:
இறங்கிப் போய் ஏறும் வண்டி நிகாதா திசையில் எச்சிகோ யுசாவா நிலையம் பக்கம் போகும். அங்கிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் டோக்கியோ திரும்புவதாக இருந்தால் நல்ல வழிதான். ஆனால் முழங்கால் வலிக்கு இறங்குவதும் சுகமில்லை, படிகளில் ஈரம் வேறு. தரைமட்டத்தில் நின்று கீழ் வண்டியைப் பிடிக்கலாம் என்று கடைசி நிமிடத்தில் ஓடாதீர்கள், 15 நிமிடமாவது முன்பே இறங்கத் தொடங்குங்கள். ஒரு திசைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு வண்டிதான். தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்கணும். வெயில் காலத்திலும் கீழே குளிர் அடிக்கும், மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

குன்மாவாசி:
நிலையத்திலிருந்து ரோப்வேக்கு 20 நிமிட ஏற்றம், அதற்கும் அம்மாவுக்குப் பேருந்துதான். ரோப்வே போய்ச் சேரும் தென்ஜின்தைரா 1,319 மீட்டர் உயரம். இலைகள் மேலிருந்து கீழாகத்தான் நிறம் மாறும் என்பதால் அக்டோபர் நடுவில் உயரத்தில் நன்றாக இருக்கும். இச்சிநோகுராசாவா பாறைச்சுவர் வரை தார்ச்சாலைதான், ஆனால் ஒருவழிக்கே ஒரு மணி நேர நடை, அதை விட்டுவிடுங்கள். திரும்பும்போது மேல் நடைமேடை வண்டி கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள். அடுத்த நிலையமான யுபிசோவுக்கு முன் தடம் ஒரு முழுச் சுற்று சுற்றி இறங்கும், நடுவே சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது நீங்கள் அடுத்து போய் நிற்கப்போகும் நிலையமே கீழே தெரியும்.