புதுப்பிப்பு: மனைவி பெயரில் எஃப்.டி., வட்டிக்கு வரி யாருக்கு?

கணவர் கொடுத்த பணத்தில் மனைவி எஃப்.டி. போட்டால், வட்டி கணவர் வருமானத்தோடு சேரும் என்று எழுதியிருந்தேன். (மாமனார், மாமியார் மருமகளுக்குக் கொடுத்தாலும் இதே கதைதான்; வட்டி, பணம் கொடுத்தவரின் வருமானத்தில் சேரும்.) அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்தால் என்ன ஆகும் என்பதுதான் பலரின் கேள்வி.

வட்டிக்கு வரும் வட்டி மனைவியின் சொந்த வருமானம். ஆனால் வட்டியைக் கையில் தராமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் குமுலேட்டிவ் டெபாசிட்டில் முதல் வட்டியும் வட்டிக்கு வட்டியும் கலந்துவிடும், பிரிப்பது பெரிய தலைவலி. காலாண்டு வட்டி தனி சேமிப்புக் கணக்கில் விழும்படி வைத்து, அதிலிருந்து புது டெபாசிட் போடுங்கள். பி.பி.எஃப்.பில் (பொது வருங்கால வைப்பு நிதி) இந்தத் தொல்லையே இல்லை. வட்டிக்கு வரி கிடையாது, மனைவி கணக்கில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம்.

வங்கி வட்டியிலிருந்தே டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்தால், அது மனைவியின் பான் எண்ணில்தான் ஏறும். வட்டி கணவர் வருமானத்தில் சேருவதால், அதைக் கணவர் பெயருக்கு மாற்ற மனைவி வங்கியில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.