டிப்ளமோ முடித்த தம்பிக்கு ஐ.டி. சப்போர்ட் அப்ரண்டிஸ்: மாதம் 8,000-க்குப் போகலாமா?

கரூர்_அக்கா
வணக்கம். என் தம்பி இந்த வருடம் ஈ.சி.இ. டிப்ளமோ முடித்திருக்கிறான். அரியர் இல்லை. கோடிங் தனக்கு வராது என்று அவனே சொல்லிவிட்டான். ஆனால் எங்கள் தெருவில் யார் வீட்டு வைஃபை நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஐ.டி. பிரிவில் ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சி வந்திருக்கிறது. மாதம் 8,000. கூடப் படித்தவன் சென்னையில் சர்வீஸ் டெஸ்க்கில் (போனில் கணினிக் கோளாறு தீர்க்கும் வேலை) இரவு ஷிஃப்ட் பார்த்து 15,000 வாங்குகிறான், இவனையும் வா என்கிறான். அப்பாவோ 40,000 கட்டி ஹார்டுவேர் நெட்வொர்க்கிங் கோர்ஸில் சேர்க்கலாம் என்கிறார். மூன்றில் எது? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோனர்_சுமந்தவன்
அப்ரண்டிஸ் மட்டும் வேண்டாம் அக்கா. நான் 2019-இல் போனேன், கம்பெனி பெயர் வேண்டாம். முதல் மூன்று மாதம் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஆயிரத்துச் சொச்சம் கணினி. ஒவ்வொரு மேசைக்கடியிலும் நுழைந்து சீரியல் நம்பரைப் பார்த்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். அடுத்த மூன்று மாதம் பிரிண்டருக்கு டோனர் மை மாற்றினேன். மூன்றாம் மாடியில் அச்சு மங்கினால் "அந்த அப்ரண்டிஸ் தம்பியை அனுப்பு" என்பார்கள். அட்மின் பாஸ்வேர்டைக் கடைசிவரை கண்ணில் காட்டவில்லை. சர்வர் அறைக்குள் நான் ஒரே ஒரு தடவை போனேன், ஆயுதபூஜைக்குச் சுண்டல் கொடுக்க. வருடம் முடிந்த மறுநாள் அடுத்த பேட்ச் வந்து நின்றது. எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு கைகுலுக்கலும் கிடைத்தன.

கணக்கைப் பாருங்கள். 2019-இல் வைத்த விதிப்படி டிப்ளமோ அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சத் தொகை 8,000. அதில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது. கம்பெனி கையிலிருந்து போவது மாதம் 4,000. அந்தக் காசுக்கு ஓசூரில் வாட்ச்மேன்கூடக் கிடைக்கமாட்டார்.

ரேக்_நம்பர்_2
டோனர் தம்பி சொல்வது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் அதை வைத்து எல்லாரையும் தடுக்கக் கூடாது. கோவைப் பக்கம் ஒரு ஆலையில் பதினான்கு வருடமாக சப்போர்ட் பார்க்கிறேன். வருடத்துக்கு இரண்டு அப்ரண்டிஸ் என்னிடம் வருவார்கள்.

ஆள் எடுக்கும்போது நான் கேட்பது ஒரே கேள்வி: ஒரு கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் என்ன அர்த்தம்? கோர்ஸ் முடித்த பையன் அதற்குரிய ஆங்கிலப் பெயரை மனப்பாடமாகச் சொல்வான். முகவரி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. சர்வரை எட்ட முடியாமல் கணினி தனக்குத் தானே ஒரு முகவரி போட்டுக்கொண்டது என்று விளக்கமும் சொல்வான். சரி, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டால் முழிப்பான். வேலை பார்த்த பையன் "பக்கத்து சீட்டில் நெட் வருகிறதா சார்?" என்று திருப்பிக் கேட்பான், அப்புறம் மேசைக்கடியில் குனிந்து கேபிளின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். அந்தத் திருப்பிக் கேட்கும் புத்தியை எந்த கோர்ஸிலும் 40,000-க்கு விற்பதில்லை.

தொழிற்சாலை ஐ.டி. என்றால் இளப்பமாக நினைக்காதீர்கள். போன வருடம் அனுப்புகைப் பிரிவில் லேபிள் பிரிண்டர் ஒரு லேபிள் அடித்தால் இரண்டு லேபிளை வெறுமையாகத் தள்ளியது. பெட்டியில் லேபிள் இல்லாமல் சரக்கு ஏற்றக் கூடாது, வாசலில் இரண்டு லாரி. நானும் டிரைவரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. நான்கு மாதமே ஆன அப்ரண்டிஸ் பெண் மூடியைத் திறந்து, லேபிளுக்கு லேபிள் உள்ள இடைவெளியைப் பார்க்கும் சென்சாரில் பசைத்தூள் படிந்திருப்பதைக் காட்டினாள். துடைத்து காலிபரேட் செய்ததும் ஒழுங்காக ஓடியது. முந்தின வாரம் பராமரிப்பு ஆள் அதைச் செய்தபோது இவள் கூட நின்று பார்த்திருக்கிறாள்.

இரவு_ஷிஃப்ட்
பசைத்தூளைத் துடைப்பதற்கா டிப்ளமோ? சும்மா கேட்டேன் அண்ணே, கோபிக்காதீர்கள்.

அக்கா, நான் சர்வீஸ் டெஸ்க்கில் மூன்று வருடமாக இருக்கிறேன். இரவு தூக்கம் போச்சு, அது உண்மை. ஆனால் ஒரு ஷிஃப்டில் முப்பது கால் வரும், முப்பதும் முப்பது விதம். கணக்கு லாக் ஆனது, வி.பி.என். ஏறவில்லை, அவுட்லுக் திறக்கவில்லை என்று வந்துகொண்டே இருக்கும். கோபத்தில் பேசும் அமெரிக்கர் சொல்வது புரியவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது எந்த நேர்காணலிலும் பயமில்லை. டிக்கெட் எழுதுவது (புகாரைப் பதிவது), எஸ்.எல்.ஏ. என்ற கெடு நேரத்துக்குள் முடிப்பது, முடியாததை அடுத்த நிலையான எல்2-வுக்குத் தள்ளும்போது என்னென்ன பார்த்தோம் என்று ஒழுங்காகக் குறிப்பது எல்லாம் அங்கேதான் பழகும். முதல் மாதத்திலிருந்தே பி.எஃப். உண்டு. அப்ரண்டிஸுக்கு அது கிடையாது. ஓசூரில் அறை வாடகை, மெஸ் போக 8,000-இல் என்ன மிஞ்சும்? வீட்டிலிருந்து காசு அனுப்ப வேண்டி வரும்.

ரேக்_நம்பர்_2
காசு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்த முப்பதில் எத்தனை பாஸ்வேர்ட் ரீசெட் தம்பி? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இரவு_ஷிஃப்ட்
பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும்.

ரேக்_நம்பர்_2
அதைத்தான் சொல்கிறேன். யூசரே ரீசெட் செய்துகொள்ளும் போர்ட்டல் இப்போது பல கம்பெனிகளில் இருக்கிறது. மீதியில் பாதிக்குச் சாட்பாட் பதில் சொல்லப் பார்க்கிறது. கழன்ற கேபிளைப் போய்ச் செருக இன்னும் போர்ட்டல் வரவில்லை.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் தவறிப்போய் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம்ம ஊரில் அப்போது காலை வேலை நேரம். விழுந்த கணினி மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தால் தூரத்திலிருந்து அதைத் தொட முடியாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, கெட்டுப்போன அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்ட கணினி என்றால் அதற்கு முன்னால் 48 இலக்க மீட்புச் சாவி வேறு. எங்கள் ஆலையில் சாவிப் பட்டியலை நான் போனில் ஆறாறு எண்ணாக வாசிக்க, அந்தப் பக்கம் இரண்டு அப்ரண்டிஸ்கள் ஒவ்வொரு கணினியாகத் தட்டிக்கொண்டே போனார்கள். ஒரு எண் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் ஏழு மணிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒரு நாளில் அவர்கள் கற்றதை நான் ஒரு மாதம் போர்டில் எழுதியிருந்தாலும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

டோனர்_சுமந்தவன்
அண்ணே, நீங்கள் நல்ல மேலாளர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல மேலாளர் கிடைத்தால் எங்கேயும் கற்கலாமே, அதற்கு எதற்கு அப்ரண்டிஸ்? என் கேள்வி அந்த ஏற்பாட்டின் மேல்தான். கிடைக்காதவனுக்கு என்ன பாதுகாப்பு? சட்டப்படி நாங்கள் தொழிலாளியே கிடையாது, பயிற்சி பெறுபவர் மட்டும்தான். முடித்தால் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பரோட்டாவை நம்பி ஒரு வருடத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

பழைய_பிரின்சிபால்
இருவர் பேச்சும் சுவாரசியம். பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் குறுக்கே வருகிறேன்.

ஸ்டிக்கர் கதை ஏன் நடக்கிறது என்று யோசித்தீர்களா? 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 400 பேர் உள்ள ஆலை என்றால் குறைந்தது பத்துப் பேர். எச்.ஆர். அந்தப் பத்தை நிரப்பி, எட்டை உற்பத்திக்கும் இரண்டை ஐ.டி.க்கும் தள்ளிவிடும். ஐ.டி. மேலாளர் கேட்டு வாங்கிய ஆள் என்றால் பயிற்சி இருக்கும். தலையில் கட்டிய ஆள் என்றால் ஸ்டிக்கர்தான். சேரும் முன் இதைக் கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பாதுகாப்பே இல்லை என்பதும் சரியல்ல தம்பி. அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. தினமும் செய்த வேலையை நோட்டில் எழுத வேண்டும், அதை மேலே உள்ளவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உங்கள் நோட்டில் மூன்று மாதமும் "ஸ்டிக்கர்" என்று எழுதியிருந்தீர்களா?

டோனர்_சுமந்தவன்
இல்லை ஐயா. மாதக் கடைசியில் "நெட்வொர்க் பராமரிப்பு" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கையெழுத்தும் போட்டார்கள்.

பழைய_பிரின்சிபால்
அங்கேதான் கோட்டை விட்டீர்கள். தரமணியில் தென்மண்டலப் பயிற்சி வாரியம் இருக்கிறது, டிப்ளமோ, டிகிரி அப்ரண்டிஸ்களுக்கு அதுதான் இடம். உண்மையை எழுதிய நோட்டு இருந்தால் அங்கே போய்ப் பேச ஒரு பிடி இருந்திருக்கும். இருபது வயதில் அந்தத் தைரியம் எனக்கும் இருந்திருக்காது, அது வேறு.

அக்காவுக்கு இன்னொரு விஷயம். ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் வந்துவிட்டால் பொதுவாக இந்தப் பயிற்சிக்கு எடுப்பதில்லை. முதலில் சர்வீஸ் டெஸ்க், அப்புறம் அப்ரண்டிஸ் என்று வரிசையை மாற்ற முடியாது. அப்ரண்டிஸ் முடித்துவிட்டு சர்வீஸ் டெஸ்க் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. நடுவில் காரணமின்றி விட்டுப் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. கம்பெனி பக்கம் தவறென்றால் அவர்கள்தான் இழப்பீடு தர வேண்டும். ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

ரிச்சித்தெரு_ரிப்பேர்
கோர்ஸைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. அந்த 40,000-ஐ அப்பா பேங்கிலேயே போட்டு வைக்கட்டும். சென்னை ரிச்சித் தெருவுக்கு ஒரு நடை வந்தால் பழைய டெஸ்க்டாப் இரண்டும், கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பழைய மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றும், கேபிள் முனை மாட்டும் கிரிம்பிங் டூலும் வாங்கிவிட்டு மீதிக் காசோடு பஸ் ஏறலாம். சுவிட்ச் கட்டுப்படியாகாவிட்டால் நெட்வொர்க் பழகும் மென்பொருளான பாக்கெட் டிரேசர் இலவசம். வீட்டிலேயே பிரித்து மாட்டிக் கெடுத்துப் பழகட்டும்.

இரவு_ஷிஃப்ட்
இதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கட்சி போலிருக்கிறது.

கரூர்_அக்கா
எல்லாருக்கும் நன்றி. நேற்று தம்பியுடன் ஓசூர் போய்விட்டு வந்தேன், அதனால்தான் தாமதம்.

பிரின்சிபால் ஐயா சொன்னதை மனதில் வைத்து ஐ.டி. மேலாளரிடமே கேட்டேன். அப்ரண்டிஸ் வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களா, எச்.ஆர். கொடுத்தார்களா என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். கேட்டது ஒருவர், கொடுத்தது இருவர் என்றார். போன வருடம் இருந்தவர்கள் இப்போது எங்கே என்றதற்கு, ஒரு பையனை அவர்களுடைய சுவிட்ச் வெண்டர் கொத்திக்கொண்டு போய்விட்டாராம், இன்னொருவன் ஊருக்கே போய்விட்டானாம், ஏன் என்று சொல்லவில்லை. அட்மின் உரிமை மூன்று மாதம் கழித்து, அதுவும் உற்பத்திப் பக்கக் கணினிகளுக்கு மட்டும். சர்வர் அறைக் கதவு எங்கள் கண்முன்னே திறந்துதான் இருந்தது. தம்பி வாசலில் நின்று கேபிள் கட்டியிருந்த அழகையே பார்த்துக்கொண்டிருந்தான், கூப்பிட்டால் காதில் விழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் "அந்த இரண்டில் நான் கேட்ட ஆளா, கொடுத்த ஆளா அக்கா?" என்றான்.

போகிறான். கை இருப்பு தீர்ந்தால் மாதம் மூவாயிரம் நான் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்பா இன்னும் கோர்ஸ் நோட்டீஸைக் கிழித்துப் போடவில்லை.

டோனர்_சுமந்தவன்
ஊருக்குப் போன அந்தப் பையனின் நம்பரை வாங்கியிருக்க வேண்டும் அக்கா. சரி, தம்பி நல்லபடியாகப் போய்வரட்டும். மூன்று மாதம் கழித்து இங்கேயே எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிறேன் என்று சொன்னால் சென்னைக்கு டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன், இரவு ஷிஃப்ட் தம்பி இடம் பார்த்துக் கொடுக்கட்டும்.

ரேக்_நம்பர்_2
அந்த டிக்கெட் பணத்துக்கு இப்போதே ஒரு கிரிம்பிங் டூல் வாங்கிக் கொடுங்கள். கம்பெனி டூலின் பல்லை யாராவது ஏற்கெனவே மழுக்கி வைத்திருப்பார்கள். கேபிள் கம்பிகளின் நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. போகிற வழியில் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போகட்டும்.

கரூர்_அக்கா
அதெல்லாம் அவனுக்குத் தூக்கத்திலேயே வரும் அண்ணே. ஓசூர்க் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா, போர்வையும் கொடுத்துவிட வேண்டுமா, அதைச் சொல்லுங்கள்.