நாகை பக்கம் ஃபைபர் படகுக்கு எந்த மேப் கார்டு வாங்குவது?

அக்கரைப்பேட்டை படகு:
வணக்கம். எங்களுடையது அவுட்போர்டு இன்ஜின் போட்ட ஃபைபர் படகு, நண்டு வலையும் சமயத்தில் தூண்டிலும். ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கிற கருவி) ஒன்றாக வருகிற கார்மின் செட் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறோம். எக்கோ நன்றாகக் காட்டுகிறது, ஆனால் மேப் என்று பார்த்தால் வேளாங்கண்ணியிலிருந்து கோடியக்கரை வரை கரை வெறும் கோடாகத்தான் இருக்கிறது, ஆழ எண் ஒன்றுகூட இல்லை. கார்டு போட்டால்தான் வரும் என்கிறார்கள். ஒரு கடையில் நேவியானிக்ஸ் என்கிறார், இன்னொருவர் சி-மேப் என்கிறார், மூன்றாவது ஆள் காப்பி கார்டு கால் விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது? கார்டு இருந்தால் இலங்கை எல்லையும் தெரியுமா? அம்மாவுக்கு அந்தப் பயம்தான் பெரிது.

காரைக்கால் ஃபிட்டர்:
தம்பி, கார்டு பெயரைவிட உங்கள் செட் எதைப் படிக்கும் என்பதுதான் முக்கியம். சி-மேப் லோரன்ஸ், சிம்ராட் மாதிரி செட்டுகளுக்கு, கார்மினில் ஓடாது. நேவியானிக்ஸ் கம்பெனியை 2017இல் கார்மினே வாங்கிவிட்டது, அதனால்தான் குழப்பம்: மற்ற செட்டுகளுக்கு வருகிற நேவியானிக்ஸ் கார்டை உங்கள் கார்மினில் செருகினால் வேலை செய்யாது, கார்மினுக்கென்றே வருகிற கார்டு வேண்டும். பகுதி இந்தியா, இலங்கை இரண்டும் சேர்ந்ததா என்று அட்டையில் பாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன்னால் செட்டைக் கடைக்குக் கொண்டு போய்க் கார்டைப் போட்டு, கோடியக்கரைக்குக் கிழக்கே கர்சரை வைத்து, திரையில் ஒரு மைல் அளவு வருகிற வரை பெரிதாக்கிப் பாருங்கள். ஆழ எண்கள் நெருக்கமாக வந்துகொண்டே இருந்தால் சரி. எண் கூடாமல் எழுத்து மட்டும் பெருத்துக்கொண்டே போனால் அதற்கு மேல் அந்தக் கார்டில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். காப்பி கார்டில் இது அடிக்கடி நடக்கும், அப்டேட்டும் கிடைக்காது. அப்புறம் ஆழத்தைப் பாகத்தில் பார்க்க வேண்டுமானால் செட்டிங்கில் ஃபேதம் என்று வையுங்கள், ஒரு பாகம் 1.83 மீட்டர்.

மல்லிப்பட்டினம் டிரைவர்:
எல்லைக் கேள்விக்கு வருகிறேன். கார்டில் ஒரு கோடு வரலாம், அதை நம்பி வலை விடாதீர்கள். 1974, 1976 இந்தியா-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்களில் இருக்கிற, கோடு திரும்புகிற புள்ளிகளை மீன்வளத்துறையில் எழுதி வாங்கி, செட்டில் நீங்களே பாயிண்டாகப் போடுங்கள். இரண்டு ஒப்பந்தக் கோடுகளும் சேருகிற இடம் வடக்கு 10°05.0′, கிழக்கு 80°03.0′, கோடியக்கரைக்குத் தென்கிழக்கே. நாகைப் படகுகளுக்கு அதுதான் முக்கியம், அங்கிருந்து கோடு வடகிழக்காக ஏறும்.

போடும்போது ஒன்று கவனியுங்கள். கச்சத்தீவுக்கு வடமேற்கே வருகிற ஒரு புள்ளி கிழக்கு 79°22.60′. அது 22 நிமிடம் 36 விநாடி. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விநாடி என்று நினைத்து 60 விநாடியாக எடுத்தால் 23 நிமிடம் ஆகிவிடும், 700 மீட்டருக்கு மேல் கிழக்கே, அதாவது இலங்கைப் பக்கம். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தருகிற மீன் கூடும் இடத் தகவலோ டிகிரி, நிமிடம், விநாடியில் வரும். செட் எந்த முறையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை அடிக்க வேண்டும். எல்லைக்கு மூன்று நான்கு மைல் முன்னாலேயே அலாரம் வையுங்கள், நீரோட்டம் இழுக்கிற நேரத்தில் திரும்ப இடம் வேண்டாமா?

அக்கரைப்பேட்டை படகு:
ரொம்ப நன்றி அண்ணே. அப்படியென்றால் எங்களை மாதிரி கரையோரத் தொழிலுக்குக் கார்டே தேவையில்லையோ?

பழையாறு ஃபைபர்:
அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். முகத்துவாரத்தில் மணல் திட்டு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் இடம் மாறுகிறது, கார்டில் இருப்பது என்றைக்கோ அளந்த ஆழம். கடுவையாற்று வாயில் நுழையும்போது எக்கோவையும் அலை உடைகிற இடத்தையும் பார்த்துத்தான் நுழைய வேண்டும், எவ்வளவு விலை கொடுத்த கார்டானாலும் அங்கே உதவாது.

உங்கள் செட்டின் மெனுவில் குயிக்டிரா இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு வெற்று மெமரி கார்டு போதும், படகு போகப் போக எக்கோ அளக்கிற ஆழத்தை வைத்து அதுவே ஒரு அடி இடைவெளியில் ஆழக்கோடு வரைந்துகொள்ளும். நீங்கள் வழக்கமாக நண்டு வலை விடுகிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக ஓட்டினால் பார் (கடலடிப் பாறை) எங்கே ஏறுகிறது, சேறு எங்கே இறங்குகிறது என்று விற்கிற கார்டில் இல்லாத அளவுக்குத் தெரியும். வலை மாட்டிய இடங்களையும் மறக்காமல் பாயிண்ட் போடுங்கள். தெரியாத கடலுக்கு, ஆழத்துக்குப் போகிற விசைப்படகுக்கு நல்ல கார்டு கட்டாயம் வேண்டும், அதை மறுக்கவில்லை.

காரைக்கால் ஃபிட்டர்:
பழையாறு சொன்னது சரி. வெற்றுக் கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், பல செட்டுகள் எடுக்காது. பாயிண்டுகளை இன்னொரு கார்டிலும் காப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். கார்டு போடும் இடத்து ரப்பர் மூடி நன்றாக அழுந்தியிருக்கிறதா என்று கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள், உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கார்டைத் தொடுகிற உலோகப் பின்கள் பச்சை பிடித்துவிடும்.