60,000 வரிசை, 40 நெடுவரிசை: எந்தப் படத்தை நம்புவது?

கேள்வி:
சென்சார் தரவு இது. பேரலல் கோஆர்டினேட்ஸில் (நெடுவரிசைக்கு ஒரு செங்குத்து அச்சு, வரிசைக்கு ஒரு கோடு) போட்டால் கோடுகள் அப்பிக்கொண்டு கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது, பிரவுசரும் திணறுகிறது. டி-எஸ்என்இயில் (ஒத்த வரிசைகளைத் தட்டையான படத்தில் அருகருகே புள்ளிகளாக வைக்கும் முறை) ஏழு தீவுகள், அதாவது புள்ளிக் கூட்டங்கள், வருகின்றன. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் இடம் மாறுகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
இடம் மாறுவது கோளாறு இல்லை. டி-எஸ்என்இ அக்கம்பக்கத்தைத்தான் காப்பாற்றும். தீவுகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் தீவின் பருமனையும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். ரேண்டம் சீடை (தற்செயல் எண்கள் எங்கே தொடங்குகின்றன என்பதைத் தீர்மானிக்கும் எண்) மாறாமல் பூட்டினால் அதே படம் திரும்ப வரும், அவ்வளவுதான். அதனால் அது சரியான படம் ஆகிவிடாது. பெர்ப்ளெக்சிட்டியை (ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ எத்தனை அண்டைப் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பது என்ற அளவு) 5, 30, 50 என்று மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் சேர்ந்தே நிற்கும் புள்ளிகளை மட்டும் கூட்டமாகக் கருதலாம்.

அதற்கு முன், ஸ்கேலிங் (எல்லா நெடுவரிசைகளையும் ஒப்பிடத்தக்க அளவுக்குக் கொண்டுவருவது) செய்தீர்களா? ஒரு நெடுவரிசை 0–1, இன்னொன்று 0–10,000 என்றால் தூரக் கணக்கை இரண்டாவதே விழுங்கிவிடும்.

பதில் 2:
எஸ்விஜியில் (ஒவ்வொரு வடிவத்தையும் பிரவுசர் தனி எலிமென்டாக வைத்துக்கொள்ளும் முறை) வரைகிறீர்கள் போலிருக்கிறது. கோட்டுக்கு ஒரு எலிமென்ட் என்றால் 60,000 எலிமென்ட். திணறாமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் ஒரே பரப்பில் வரையும் கேன்வாஸ் அல்லது வெப்ஜிஎல்லுக்கு மாறுங்கள். கோட்டின் ஒபாசிட்டி (அடர்த்தி; 1 என்றால் முழு அடர்த்தி) 0.03 அளவில் இருக்கட்டும்.

40 அச்சும் ஒரே படத்தில் வேண்டாம், எட்டு பத்து போதும். அடுத்தடுத்த அச்சுகளின் உறவு மட்டுமே கண்ணுக்குப் படும் என்பதால் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை அருகருகே வையுங்கள். எதிர்த்தொடர்பு இருந்தால் கோடுகள் நடுவில் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ளும். ஒரு அச்சைத் தலைகீழாக்கினால் சீராகிவிடும்.

பதில் 3:
இரண்டு படங்களையும் இணைப்பதுதான் முக்கியம். ஒரு தீவை லாசோவால் (சுட்டியால் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவி) வளைத்ததும் அதே வரிசைகள் பேரலல் படத்தில் ஒளிர வேண்டும். ஒன்பது அச்சுகளில் விரிந்து போகும் கோடுகள் ஒரே அச்சில் மட்டும் சரியாக 0-வில் குவிந்தால், அது பெரும்பாலும் விடுபட்ட மதிப்புக்கு யாரோ 0 நிரப்பியது.

பிளாட்லியில் (படம் வரையும் நிரல் தொகுப்பு) ஒரு பொறி உண்டு: நிறவாரியாக டிரேஸ் (ஒன்றாக வரையப்படும் புள்ளித் தொகுதி) பிரித்தால் புள்ளி எண் ஒவ்வொன்றிலும் 0-விலிருந்து தொடங்கும், வேறு வரிசை ஒளிரும். கஸ்டம்டேட்டாவில் (புள்ளியோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் தகவல்) வரிசையின் அடையாள எண்ணை அனுப்புங்கள்.

கேட்டவர்:
ஆமாம், 0 நிரப்பித்தான் இருந்தது. அவற்றை நீக்கியதும் ஏழு தீவு ஐந்தாகிவிட்டது. லாசோ போடும்போது மற்ற கோடுகளை மறைத்துவிடலாமா?

பதில் 3:
வேண்டாம், மங்கலான சாம்பல் நிறத்தில் விடுங்கள். பின்னணி இல்லாவிட்டால், தேர்ந்தெடுத்தவை 20–30-க்குள் இருப்பது மற்றவற்றிலிருந்து விலகியதா, எல்லாமே அப்படித்தானா என்று தெரியாது.