தம்பிக்குத் தமிழில் தொழிற்பயிற்சி: விவரம் தேவை

வணக்கம். நாங்கள் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறோம். தம்பி உயர்தரப் பரீட்சை முடித்து, கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் இருந்தான். ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து ஃபோன்தான். அம்மா விடியற்காலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பும்போது போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். மாலையில் திரும்பும்போதும் அதே வெளிச்சம். டிக்டாக்கைத் திட்டி என்ன பயன்? கையில் ஒரு வேலை இருந்தால் பிள்ளை எழுந்துவிடுவான்.

மின்சார வேலையில் நல்ல ஆசை. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ரைஸ் குக்கரைக்கூட அவனே கழற்றிச் சரிசெய்தான். தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ நைட்டாவிலோ (அரசின் தொழில் பயிலுனர் பயிற்சி நிறுவனம்) என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) 4ஆம் மட்டம் வரை தமிழில் மின்னிணைப்பு (வயரிங்) சொல்லிக்கொடுப்பது நுவரெலியா மாவட்டத்தில் எங்கே? சிங்களம் பேசுவான், எழுத வராது. அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால், தங்குமிடம், மாதச் செலவு பற்றியும் சொல்லுங்கள்.